ஆய்வில் தேறிய முதியோர் இல்லம் என்றால் நம்பிச் சேர்க்கலாமா?

கேள்வி: சிறிய முதியோர் இல்லங்களில் உரிமத்துக்காக அவ்வப்போது ஆய்வு நடத்துகிறார்களே, உண்மையில் எதைப் பார்க்கிறார்கள்? அதில் தேறிய இடம் என்றால் அம்மாவைச் சேர்த்துவிடலாமா?

சேர்க்கலாம். ஆனால் "தேறியது" என்ற ஒரு சொல்லை நம்பி வேண்டாம், ஆய்வு அறிக்கையை வாங்கிப் படித்துவிட்டுச் சேர்த்துவிடுங்கள். ஆறு பேர் தங்கும் இல்லம் ஒன்றில் சில வருடங்கள் பொறுப்பாளராக இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

முதல் ஆய்வின்போது வீட்டையே கழுவிவிட்டுக் காத்திருந்தோம். வந்த அம்மையார் தரையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே குளியலறைக்குப் போய் வெந்நீர்க் குழாயைத் திறந்து வெப்பமானியைப் பிடித்தார். 60 டிகிரி தண்ணீர் ஐந்தாறு விநாடியில் தோலை வேக வைத்துவிடும். வயதானவர்களால் சட்டென்று கையை இழுத்துக்கொள்ளவும் முடியாது. பிறகு கழிப்பறைக் கைப்பிடியைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். தீயணைப்பானின் அழுத்தம் காட்டும் முள், வெளியேறும் வழி, இன்சுலின் வைத்த ஃப்ரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்பதெல்லாம் மளமளவென்று முடிந்தது.

மாத்திரை ரெஜிஸ்டரில்தான் உட்கார்ந்துவிட்டார். அப்போது பிற்பகல் மூன்று மணி. இரவு எட்டு மணி மாத்திரைக்கான கட்டத்தில் ஏற்கெனவே என் கையெழுத்து இருந்தது! அவர் ஒன்றும் கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கி எண்ணினார். ஒரு பாட்டியின் ரத்த அழுத்த மாத்திரை, கணக்குப்படி இருக்க வேண்டியதைவிட இரண்டு கூடுதலாக இருந்தது. கையெழுத்து ஒன்றுகூட விடுபடவில்லை, மாத்திரைதான் இரண்டு வேளை போகவில்லை. குறை எழுதி, திருத்தக் கெடு கொடுத்து, மறுபடி வந்தும் பார்த்தார். அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எனவே அறிக்கையில் எத்தனை குறை என்று எண்ணாதீர்கள், என்ன குறை என்று பாருங்கள். ஃபியூஸ் போன பல்பும் கிழிந்த திரைச்சீலையும் பத்து இருந்தாலும் போகட்டும். மருந்து, இரவுப் பணியாள், படுக்கைப் புண் இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் யோசியுங்கள். அதே குறை அடுத்த ஆய்விலும் வந்திருந்தால் வேறு இடம் பாருங்கள். குறையே இல்லாத அறிக்கைக்கும் நான் பெரிதாக மயங்க மாட்டேன். வருடத்தில் சில மணி நேரம் ஒருவர் வந்து பார்த்தது அது.

படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்ததாகப் பல இடங்களில் ஓர் அட்டவணை தொங்கும். அதை உற்றுப் பாருங்கள். வெவ்வேறு ஆட்கள் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு வாரக் கட்டங்கள் முழுவதும் ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால் ஒரே மூச்சில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள்.

ஆய்வாளர்கள் பெரும்பாலும் பகலில்தான் வருவார்கள். நீங்கள் ராத்திரிச் சாப்பாடு முடிகிற நேரத்துக்குப் போங்கள். யாராவது அழைப்பு மணியை அடித்தால் ஆள் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். நள்ளிரவில் ஒருவர் கீழே விழுந்தால் தூக்கிவிட இரண்டாவது ஆள் யார் என்றும் கேளுங்கள். பொறுப்பாளர் பெயரைச் சொல்கிறாரா, "அதெல்லாம் பார்த்துக்கொள்வோம்" என்கிறாரா என்று கவனியுங்கள்.