முகாமில் கணினி சொன்ன முடிவு போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். ஊரில் நடந்த முகாமில் விழித்திரையைப் படம் எடுத்து, செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் பரிசோதித்தார்கள். சீட்டில் வலது கண்ணுக்கு 'பாதிப்பு இல்லை', இடது கண்ணுக்கு 'படம் தெளிவில்லை' என்று இருக்கிறது. பார்வை நன்றாகத் தெரியும்போது டாக்டர் எதற்கு என்கிறார் அப்பா. அழைத்துச் செல்ல வேண்டுமா?

பதில்: அவசியம் அழைத்துச் செல்லுங்கள், இந்த மாதமே. 'படம் தெளிவில்லை' என்றால் இடது கண் இன்னும் பரிசோதிக்கப்படவே இல்லை என்றுதான் பொருள். அதை 'ஒன்றுமில்லை' என்று எடுத்துக்கொண்டு சீட்டைப் பீரோவில் வைத்துவிடுகிறவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. வயதானவர்களுக்குக் கண்ணின் பாவை சுருங்கியிருக்கும், கண்புரையும் தொடங்கியிருக்கலாம். அப்போது கேமராவின் ஒளி உள்ளே சரியாகப் போகாமல் படம் மங்கிவிடும். தாய்லாந்தின் சுகாதார நிலையங்களில் கூகுளின் மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கிய முதல் ஆறு மாதங்களில், 1,838 படங்களில் 21 சதவீதத்தை அது தரம் போதாதென்று ஒதுக்கியது. ஊகித்துப் பதில் சொல்வதைவிட ஒதுக்குவதே நல்லது. ஆனால் ஒதுக்கப்பட்ட கண்ணை யாராவது பார்த்தாக வேண்டுமே!

வலது கண்ணின் முடிவைப் பெரும்பாலும் நம்பலாம். இத்தகைய மென்பொருளுக்கு 'இந்தச் சிவப்புப் புள்ளி ரத்தக்கசிவு' என்று யாரும் விதி எழுதித் தருவதில்லை. மருத்துவர்கள் நோயின் நிலையைக் குறித்துக் கொடுத்த படங்களிலிருந்து அதுவே கற்றுக்கொள்கிறது. கூகுள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் அப்படி 1,28,000-க்கும் மேற்பட்ட படங்கள் பயன்பட்டன. அரவிந்த், சங்கர நேத்ராலயா மருத்துவமனைகளின் படங்களும் அவற்றில் உண்டு. பிறகு அதே இரு மருத்துவமனைகளில் 3,049 நோயாளிகளிடம் சோதித்த முடிவுகள் 2019-இல் வெளியாயின. மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய அளவு பாதிப்பு உள்ளவர்களில், அரவிந்தில் 88.9 சதவீதம் பேரையும் சங்கர நேத்ராலயாவில் 92.1 சதவீதம் பேரையும் அது சரியாகக் கண்டுபிடித்தது. படம் பார்த்துத் தரம் பிரிக்கும் மனிதர்களுக்கு அது சளைக்கவில்லை. இருந்தாலும், நூற்றில் சிலர் தவறிப்போகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் ஊர் முகாமில் பயன்பட்டது வேறு மென்பொருளாகவும் இருக்கலாம்.

அதோடு, அது பதில் சொல்வது பெரும்பாலும் ஒரே கேள்விக்கு: சர்க்கரையால் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறதா? கண் நீர் அழுத்தத்தை அது அளக்கவில்லை. விழித்திரையின் ஓரங்கள் வழக்கமான படத்தில் விழுவதில்லை. மையப்பகுதியில் நீர் கோத்திருந்தால் சாதாரணப் படத்தில் தப்பிவிடக்கூடும். அதற்கு விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் வேண்டும்.

பார்வை நன்றாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இந்த நோய் முற்றும்வரைகூடப் பார்வை குறையாமல் இருக்கக்கூடும். அப்பாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு இரண்டு கண்களையும் பார்ப்பார்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வெளிச்சம் கூசும். அன்று அவர் வண்டி ஓட்ட வேண்டாம், நீங்களே கூடப் போங்கள். முகாம் சீட்டு, கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) முடிவு, மாத்திரைப் பட்டியல் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். ஒன்றுமில்லை என்று வந்தாலும் ஆண்டுக்கொரு முறை பரிசோதனை தொடர வேண்டும். இடையில் திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தாலோ, அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திராமல் அன்றே கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.