கயிறு இருந்தும் ‘ஃப்ரீ’யா?

கேள்வி: அண்ணே, ‘ஃப்ரீ கிளைம்பிங்’ என்றால் கயிறே இல்லாமல் பாறை ஏறுவதுதானே?
– ஹப்புத்தளை வாசகர்

பதில்: இல்லை தம்பி. கயிறு உண்டு, விழுந்தால் பிடிக்க மட்டும். ஏறுவது கைகாலால்தான். கயிறே இல்லாதது ‘ஃப்ரீ சோலோ’. 2017இல் அலெக்ஸ் ஹொனால்ட் என்ற பாறையேறும் வீரர் அமெரிக்காவின் எல் கேப்பிட்டன் என்ற செங்குத்துப் பாறையில் சுமார் 900 மீட்டர் அப்படி ஏறினார். நமக்கு அது வேண்டாம்.

நான் பழகியது டாப் ரோப்: கயிறு மேலே நங்கூரத்தில் (உறுதியாகப் பொருத்திய பிடிப்பில்) மாட்டி வரும், கீழே ஒருவர் பிடிப்பார். முதல் நாள் கையாலேயே தொங்கி, பத்து நிமிடத்தில் முன்கை கல்லாகிவிட்டது. பிடியே இல்லாத சரிவில் குதிகாலைத் தாழ்த்தி, சப்பாத்தின் முன்பக்க ரப்பரைப் பாறையில் அழுத்த வேண்டும். பயத்தில் பாறையைக் கட்டிப்பிடித்தால் வழுக்கும். தேயிலைச் சரிவில் கொழுந்து பறிக்கும் என் அம்மாவுக்கு இது சொல்லாமலே தெரியும்!

அப்புறம், மழைக்கு மறுநாள் போகாதே. பாசி, போதாததற்கு அட்டை.