பாடக் கொடுக்கலாம், எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: டொலி பார்டன் ஓரறைக் குடிலில் வளர்ந்து உலகப் பாடகியானவராம். நானும் பாட்டுக் கட்டிப் பாடுகிறேன். ஒரு இசைக்குழு என் பாட்டை முழு உரிமையோடு கேட்கிறது. கொடுக்கலாமா?
- வாசகி, மல்லாவி

பதில்: பாடக் கொடுங்கள் தங்கச்சி, உரிமையை எழுதிக் கொடுக்காதீர்கள்.

1946இல் அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில் 12 பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தவர் டொலி. 1964இல் பள்ளிக்கூடம் முடிந்த மறுநாளே, பாட்டுத்தொழில் நடக்கும் நாஷ்வில் நகரத்துக்கு வெளிக்கிட்டார். ஆனால் குரல் மட்டும் அவரைத் தூக்கிவிடவில்லை. அவர் எழுதிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பினார். எல்விஸின் முகாமையாளரோ வெளியீட்டு உரிமையில், அதாவது எழுதிய பாட்டுக்கான உரிமையில், பாதி கேட்டார். டொலி மறுத்துவிட்டார். 1992இல் விட்னி ஹூஸ்டன் பாடி அது அமெரிக்காவில் 14 வாரம் முதலிடத்தில் நின்றபோது, எழுதியவருக்கான காசு டொலியிடமே வந்தது.

பாட்டில் இரண்டு சொத்து உண்டு. வரியும் மெட்டும் ஒன்று, ஒலிப்பதிவு மற்றது. பதிவுச் செலவைக் குழு போட்டால் பதிவை அவர்கள் கேட்பது நியாயம், முதலாவதை விடாதீர்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிவுசெய்யாமலே உங்கள் ஆயுளுக்கும் அதன்பின் 70 வருடத்துக்கும் உரிமை உண்டு. பிணக்கு வந்தால் ஆதாரம்தான் கேட்பார்கள். கொப்பியில் திகதியோடு எழுதுங்கள், போனில் பாடிப் பதிந்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே மழைநேரம் பதிந்தால் ஒரு வரியும் விளங்காது! உடுப்புத் தொங்கும் அறையில், போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பாடுங்கள்.

குழுவின் கடிதத்தில் 'முழு உரிமையும்' என்பதை வெட்டி, 'மேடையில் பாட ஒரு வருட அனுமதி' என்று மாற்றி, இரு பகுதியும் கையொப்பமிட்ட பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள்.