நாயைக் கொடுத்துவிட்டால் கடன் தீருமா?

கேள்வி: சென்னை பெரம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு வேலை போய் நான்கு மாதமாகிறது. என் சம்பளம் 31,000 ரூபாய். வாடகை 11,000, மகளின் பள்ளிக்கும் வேனுக்கும் 4,500, மளிகை, கேஸ், கரண்ட் எல்லாம் சேர்த்து 10,500, வண்டி இஎம்ஐ 3,200. நான்கு வயது ஷிட்ஸு பெண் நாய் இருக்கிறது, எடை 6 கிலோ. அதற்கு மட்டும் மாதம் 7,400 போகிறது. உண்ணிக் காய்ச்சல் வந்து வைத்தியம் பார்த்ததில் கிரெடிட் கார்டில் 48,000 நிற்கிறது. கருத்தடை செய்யவில்லை. பேப்பர் (இனச் சான்றிதழ்) இருப்பதால் 15,000-க்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் ஒருவர். கொடுத்துவிடலாமா?

பதில்: அவருக்குக் கொடுக்காதீர்கள். கருத்தடை செய்யாத, பேப்பர் உள்ள நான்கு வயதுப் பெண் ஷிட்ஸுவுக்கு 15,000 தருபவர் பெரும்பாலும் குட்டி போட வைத்து விற்பவர்தான். இரண்டு ஈற்றில் போட்ட பணத்தை எடுத்துவிடுவார். உங்களுக்கும் அந்தப் பணம் கார்டு பாக்கியில் மூன்றில் ஒரு பங்கைக்கூட அடைக்காது.

வேறு யாருக்காவது கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்பதைக் கணக்குப் போட்டுத்தான் முடிவுசெய்ய வேண்டும். நாய், கார்டு இரண்டையும் தவிர்த்து உங்கள் செலவு 29,200. கையில் மிஞ்சுவது 1,800. கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் 48,000-க்கு 1,680, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ஏறக்குறைய 1,980. அதாவது நாயே இல்லாவிட்டாலும் உங்கள் வீட்டில் துண்டு விழுகிறது. 'மினிமம் டியூ' மட்டும் கட்டி வந்தால் அசல் அசையவே அசையாது.

ஆகவே முதல் வேலை நாய் அல்ல, கார்டு. ஒரு சவரன் நகையை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ அடகு வைத்து இந்த 48,000-ஐ ஒரே தடவையில் அடைத்துவிடுங்கள். ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்றால் மாதம் 400 ரூபாய்தான். கிட்டத்தட்ட 1,580 மிச்சம். தெருமுனை அடகுக்கடையும், போனில் ஐந்து நிமிடத்தில் பணம் தரும் கடன் ஆப்பும் வேண்டாம். அடைத்த கையோடு கார்டை உபயோகிப்பதை நிறுத்துங்கள். நகையும் போய், கார்டும் மறுபடி ஏறினால் மீள்வது கஷ்டம். நகைக்கடன் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். வட்டி கட்டிப் புதுப்பிக்க மறந்தவர்களின் நகைதான் ஏலத்துக்குப் போகிறது.

இனி அந்த 7,400. நீங்கள் அனுப்பிய பட்டியலில் வெளிநாட்டு பிராண்ட் உலர் தீவனம் 2,400, ஈர உணவுப் பாக்கெட் 1,500, பார்லர் 1,600, உண்ணி மாத்திரை 700, தின்பண்டமும் பொம்மையும் 400, ஊருக்குப் போகும்போது விடுதியில் விடுவது சராசரியாக 800. இதில் நாய்க்குத் தேவையானது எது, பழக்கத்தில் சேர்ந்தது எது என்று பிரிக்க வேண்டும்.

6 கிலோ ஷிட்ஸுவுக்கு ஒரு நாளைக்கு 100 முதல் 110 கிராம் உலர் தீவனம் போதும். மாதம் மூன்றேகால் கிலோ. கிலோ 300 ரூபாய்க்குள் கிடைக்கும் உள்நாட்டு பிராண்டில் 1,000-க்குள் முடியும். ஒரே நாளில் மாற்றினால் பேதியாகும், பிறகு டாக்டர் பீஸ் 500. முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, அதற்கடுத்த இரண்டு நாள் முக்கால், ஏழாம் நாள் முழுவதும் என்று மாற்றுங்கள். கப்பில் அளக்காமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். கண்ணளவில் போட்டால் எப்போதும் கூடத்தான் விழும். 'வீட்டுச் சோறு போட்டால் செலவே இல்லை' என்று சொல்வார்கள். வெறும் சோறும் வேகவைத்த கோழியும் மாதக்கணக்கில் போட்டால் கால்சியம் குறையும். நம் வீட்டுக் குழம்புச் சோற்றில் வெங்காயமும் பூண்டும் இருக்கும், இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

பார்லர் செலவுக்குக் காரணம் நீள முடிதான். ஒரு தடவை உடம்பு முழுக்க ஒட்டக் கத்தரித்துவிட்டால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். இடையில் தினமும் ஐந்து நிமிடம் சீப்பு போடுங்கள், முக்கியமாகக் காதுக்குப் பின்னும் அக்குளிலும். அங்கேதான் சிக்கு விழுந்து, அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகும். கண்ணோர முடியை நுனி மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டுங்கள். மாதச் சராசரி 300 போதும்.

உண்ணி மாத்திரையில் மட்டும் கை வைக்காதீர்கள். பணமுடை வந்ததும் பலரும் முதலில் நிறுத்துவது அதைத்தான். 700 மிச்சம் பிடிக்கப்போய் என்ன ஆகும் என்பதை உங்கள் கார்டு பில்லே சொல்கிறது. ஒருமுறை உண்ணிக் காய்ச்சல் வந்துபோனால் மறுபடி வராது என்ற உத்தரவாதமும் இல்லை. ஆண்டுத் தடுப்பூசிக்கு மாதம் 125 ஒதுக்குங்கள். அரசு கால்நடை மருத்துவமனையிலும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் தனியாரைவிடக் குறைவாகவே ஆகும், காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். திடீர்ச் செலவுக்கு 500 தனியாக வையுங்கள். காப்பீடு எடுக்கலாமே என்றால், ஏற்கெனவே வந்த நோய்க்கு அது உதவாது, இப்போதைக்கு வேண்டாம்.

ஈர உணவு, தின்பண்டம், பொம்மை, விடுதி எல்லாவற்றையும் நிறுத்தினால் மொத்தம் 2,625. கையில் இருப்பது 1,800-ல் நகை வட்டி போக 1,400. பள்ளம் மாதம் 1,225.

இந்த 1,225-தான் உங்கள் கேள்விக்கு விடை. கணவருக்குப் பகுதிநேர வேலையாக ஏதாவது அமைந்தாலோ, உங்கள் அக்காவோ தம்பியோ ஆறு மாதத்துக்கு நாயை வைத்துக்கொள்ள முன்வந்தாலோ சமாளிக்கலாம். அப்படிச் சொந்தத்தில் விட்டால் தீவனத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள். இரண்டாம் மாதமே வரும் மனத்தாங்கலைத் தவிர்க்கலாம். இரண்டுக்கும் வழியில்லை என்றால் இரண்டு மாதத்துக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். ஆரோக்கியமாக, ஊசியெல்லாம் போட்டு இருக்கும் நாய்க்கு நல்ல வீடு கிடைக்கும். கையில் பணம் தீர்ந்து, முடி சடை பிடித்து, மறுபடி காய்ச்சல் வந்த பிறகு தேடினால் வருகிறவர்களைத் தேர்ந்தெடுக்க முடியாது.

கொடுப்பதற்கு முன் கருத்தடை அவசியம். செய்யாமல் கொடுத்தால், குட்டி வியாபாரி கைக்குப் போகாது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வயதான பிறகு கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் இருக்கிறது. அந்த அவசர ஆபரேஷனின் செலவு சாதாரணக் கருத்தடையைப் போல் பல மடங்கு. டாக்டரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: உண்ணிக் காய்ச்சல் வந்தது, கடைசியாகத் தூரம் வந்த தேதி, மூக்கு சப்பையான இனம் என்பது. காய்ச்சலில் தட்டணுக்கள் குறைந்திருந்தால் ஆபரேஷனில் ரத்தம் நிற்காது, ஆகவே ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் தேதி குறிப்பார்கள். தூரம் முடிந்து இரண்டு மாதமாவது போக வேண்டும். சப்பை மூக்கு நாய்களுக்கு மயக்க மருந்திலிருந்து தெளியும் நேரத்தில்தான் மூச்சுத் திணறல் வரும். தெளியும்வரை ஆள் பக்கத்தில் இருக்கும் கிளினிக்காகப் பாருங்கள்.

தனியாரில் 6,000-லிருந்து 12,000 வரை கேட்பார்கள். உங்களிடம் அது இல்லை. எடுத்துக்கொள்பவரையே அந்தத் தொகையை நேராகக் கிளினிக்கில் கட்டச் சொல்லுங்கள், உங்கள் கைக்கு வேண்டாம். நாயின் மேல் நிஜமாக ஆசைப்படுபவர் இதற்கு மறுக்கமாட்டார். குட்டி வியாபாரி அன்றோடு போனை எடுக்கமாட்டார். இதைவிட நல்ல சல்லடை கிடையாது.

ஆள் தேட உங்கள் கால்நடை டாக்டர், பார்லர்காரர், அலுவலக நண்பர்கள், அடுக்குமாடி வாட்ஸ்அப் குழு என்ற வரிசையில் போங்கள். ப்ளூ கிராஸ் போன்ற இல்லங்கள் முதன்மையாக அடிபட்ட, ஆதரவற்ற பிராணிகளுக்கானவை. சோபாவில் தூங்கிய நாய் அந்தக் கூட்டத்தில் தீவனத்தையே தொடாமல் கிடக்கலாம். தெருவில் விடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். அபராதம் சொற்பம்தான், ஆனால் ஷிட்ஸுவால் தெருவில் தாக்குப்பிடிக்க முடியாது.

விளம்பரத்தில் குறையையும் எழுதுங்கள்: காலிங்பெல் அடித்தால் குரைக்கும், தனியே விட்டால் அழும், இன்ன மாதத்தில் உண்ணிக் காய்ச்சல் வந்தது. மறைத்தால் பத்தாம் நாள் திரும்பி வரும். முன்பின் தெரியாதவர், 'வண்டி அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள், பணம் வரும்' என்றால் போனை வைத்துவிடுங்கள். யூபிஐ பின் நம்பர் பணம் அனுப்பத்தான், வாங்குவதற்குத் தேவையே இல்லை.

வருகிறவரிடம் கேட்க வேண்டியது: சொந்த வீடா, வாடகை என்றால் ஹவுஸ் ஓனர் சம்மதம் இருக்கிறதா, பகலில் எத்தனை மணிநேரம் தனியாக இருக்கும், முன்பு வளர்த்த நாய் என்ன ஆனது. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே பாதி முடிவுசெய்துவிடலாம். ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போய் கேட், பால்கனிக் கம்பி இடைவெளி பாருங்கள். ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள்: விற்கக் கூடாது, வளர்க்க முடியாவிட்டால் உங்களிடம்தான் திருப்பித் தர வேண்டும். அடையாள அட்டை நகலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அனுப்பும்போது மருத்துவ ஃபைல், சீப்பு, இப்போது தின்னும் தீவனம் இரண்டு கிலோ, துவைக்காத உங்கள் பழைய துண்டு ஒன்று. முதல் மூன்று நாள் சரியாகச் சாப்பிடாது. வீடு பழக மூன்று வாரமாவது ஆகும். முதல் இரண்டு வாரம் சங்கிலி இல்லாமல் வாசலுக்கு விடக் கூடாது என்று அவரிடம் சொல்லுங்கள். புது இடத்திலிருந்து ஓடிப்போகும் நாய்கள் அதிகமும் இந்த நாட்களில், கேட் திறக்கும் அந்த ஒரு நொடியில்தான் ஓடுகின்றன.

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமமும், தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பும் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். இரண்டும் உங்கள் பெயரில் இருந்தால், கொடுத்த அதே வாரத்தில் புதியவர் பெயருக்கு மாற்றச் சொல்லி, மாற்றியதற்கான நகலை வாங்கி வையுங்கள். நாளைக்கு நாய் யாரையாவது கடித்தால் சிப் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரைத்தான் தேடி வருவார்கள்.