சைனீஸ் கேபேஜில் எள் போலக் கரும்புள்ளி: சாப்பிடலாமா, எப்படிச் சமைப்பது?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் அரை ஏக்கரில் முதல் முறையாக சைனீஸ் கேபேஜ் போட்டேன். ஓட்டல்காரர்கள் எடுத்தது போக மீதியை உழவர் சந்தைக்குக் கொண்டு போனால், "பொரியல் செய்தோம், தண்ணியாப் போச்சு" என்கிறார்கள். இதில் சத்து இருக்கிறதா என்றும் கேட்கிறார்கள். சில காய்களில் வெள்ளைத் தண்டின்மேல் எள் தூவினது போலக் கரும்புள்ளி வேறு. சாப்பிடலாமா?

பதில்: தாராளமாகச் சாப்பிடலாம். அந்தப் புள்ளி பூஞ்சையும் இல்லை, பூச்சியும் இல்லை. தழைச்சத்து மிஞ்சிப்போனால் வருவது, குளிரறையில் வைத்தால் இன்னும் கூடும். கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள், போகாது. தண்டும் கெட்டியாகவே இருக்கும். கொழகொழவென்று நாறினால் மட்டும் அது அழுகல் நோய், அதைத் தூக்கிப் போடுங்கள். அடுத்த போகத்தில் யூரியாவைக் குறையுங்கள்.

சமையலுக்கு வருவோம். பெயரில்தான் கோஸ்; உறவில் இது டர்னிப் இனம். 100 கிராமில் 94 கிராம் தண்ணீர், அதனால்தான் பொரியல் குழைந்துவிடுகிறது. தண்டையும் இலையையும் தனித்தனியாக நறுக்கச் சொல்லுங்கள். வாணலி நன்றாகக் காய்ந்ததும் பூண்டு, மிளகாய் தாளித்துத் தண்டைப் போட்டு இரண்டு நிமிடம், பிறகு இலையைப் போட்டு ஒரு நிமிடம். தண்ணீர் தெளிக்கக் கூடாது, மூடவும் கூடாது. உப்பு கடைசியில். பாசிப்பருப்புக் கூட்டு என்றால் அந்தத் தண்ணீரே நல்லது, பருப்பு வெந்த பிறகு காயைச் சேர்த்தால் போதும்.

இதன் ஊரில் இதற்கு இருக்கும் மரியாதையே வேறு. வட சீனாவில் குளிர்காலக் காய் இதுதான். புளிக்க வைப்பார்கள், கொழுக்கட்டை போன்ற ஜியாவ்ஸிக்குப் பூரணமாகவும் வைப்பார்கள். கொரியாவில் கிம்ச்சி என்ற புளிக்கவைத்த ஊறுகாய். குடும்பங்கள் கூடிக் கிம்ச்சி போடும் வழக்கத்தை 2013இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. காயை நெடுக்காகப் பிளந்து, இலைக்கு இலை உப்புத் தூவி ஊற வைப்பார்கள். தண்டை வளைத்தால் ஒடியாமல் மடிய வேண்டும், அதுதான் பதம். பிறகு அலசி, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி அரைத்த விழுதைத் தடவுவார்கள். நம் ஊறுகாய்க் கைகளுக்கு இது கஷ்டமே இல்லை.

சத்து? 100 கிராமுக்கு 16 கலோரி, சுண்ணாம்புச் சத்து சுமார் 77 மில்லிகிராம், ஃபோலேட் (ஒரு வகை பி வைட்டமின்) 79 மைக்ரோகிராம். இவை இரண்டும் சாதாரணக் கோஸில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. நார்ச்சத்தும் வைட்டமின் சியும் கோஸில்தான் கூடுதல், அதை மறைக்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், இதில் வைட்டமின் கே இருப்பதால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அளவாகச் சாப்பிடட்டும்.

அப்புறம், சந்தையில் ஒரு காயை நெடுக்காகப் பிளந்து முன்னால் வையுங்கள். உள்ளே இளமஞ்சளாக அடுக்கடுக்காக இருப்பதைப் பார்த்தாலே கேட்பார்கள். அந்த இளம் இலையில் ஒன்றைக் கிள்ளிக் கையில் கொடுங்கள், பச்சையாகவே இனிக்கும்.