மிரர் போட்ட இரண்டு டிஸ்கில் எதிலிருந்து வாசிப்பது?

கேள்வி: திருகோணமலை உட்துறைமுக வீதியில் வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். லினக்ஸ் மெஷினில் 4 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்றும், பிறகு வாங்கிச் சேர்த்த 4 டிபி எஸ்எஸ்டி ஒன்றும் பிடிஆர்எஃப்எஸ் என்ற பைல்சிஸ்டத்தில் ரெயிட்1 ஆக (இரண்டு டிஸ்கிலும் ஒவ்வொரு பிரதி) ஓடுகின்றன. அதே கல்யாண வீடியோ ஒருநாள் உடனே திறக்கிறது, இன்னொருநாள் திக்கித் திணறுகிறது. எஸ்எஸ்டியிலிருந்து மட்டும் வாசிக்கச் சொல்ல வழி உண்டா?

பதில்: உண்டு, உங்கள் கேர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இடம் கொடுத்தால். (கட்டளைகளை ஒலிப்படி தந்திருக்கிறோம், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். எஸ்எஸ்டியைப் பிறகுதான் சேர்த்ததாகச் சொல்கிறீர்கள். 'பிடிஆர்எஃப்எஸ் பைல்சிஸ்டம் டிஎஃப்' கொடுத்து, மவுண்ட் செய்த இடத்தையும் எழுதுங்கள். 'டேட்டா' என்ற வரியில் 'ரெயிட்1' மட்டும் இருக்க வேண்டும். 'டேட்டா, சிங்கிள்' என்று ஒரு வரி இருந்தாலும் அந்தப் பங்குக்கு இரண்டாவது பிரதியே கிடையாது. டிஸ்கைச் சேர்த்துவிட்டு மாற்றாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். 'பிடிஆர்எஃப்எஸ் பெலன்ஸ் ஸ்டார்ட்' உடன் '-டிகன்வேர்ட்=ரெயிட்1 -எம்கன்வேர்ட்=ரெயிட்1' கொடுத்து மாற்றுங்கள். பல மணித்தியாலம் எடுக்கும். இடையில் கரண்ட் போனால் அடுத்த மவுண்டில் தானே தொடரும்.

இனி திணறலுக்கு வருவோம். பிடிஆர்எஃப்எஸ் வழக்கமாக எந்த டிஸ்க் வேகமானது என்று பார்ப்பதே இல்லை. வாசிக்கும் ப்ரொசெஸின் (ஓடும் நிரலின்) இலக்கத்தை இரண்டால் வகுத்து, மீதி 0 என்றால் முதல் பிரதி, 1 என்றால் இரண்டாம் பிரதி என்று எடுக்கிறது. இதன் பெயர் 'பிஐடி' பொலிசி. பிளேயரை மூடித் திறந்தால் இலக்கம் மாறும். ஹார்ட் டிஸ்கில் போய் விழலாம். பூவா தலையா போட்டுப் பார்ப்பது போலத்தான்.

கேர்னல் 6.13 இலிருந்து (2025 ஜனவரி) 'ரவுண்ட்-ரொபின்' (டிஸ்குகளில் மாறி மாறி வாசிப்பது), 'டெவ்ஐடி' (நாம் சொன்ன இலக்கமுள்ள டிஸ்கில் வாசிப்பது) என்ற இரண்டு பொலிசிகளும் வந்திருக்கின்றன. ஆனால் பரிசோதனை வசதியாக. அந்தத் தெரிவோடு கட்டிய கேர்னலில் மட்டும்தான் வேலை செய்யும். '/சிஸ்/எஃப்எஸ்/பிடிஆர்எஃப்எஸ்/' உள்ளே, உங்கள் யூயூஐடி (பைல்சிஸ்டத்தின் அடையாள எண்) பெயருள்ள கோப்புறையில் 'ரீட்_பொலிசி' என்ற பைலை 'கேட்' செய்து பாருங்கள். 'பிஐடி' மட்டும் தெரிந்தால் உங்கள் கேர்னலில் வசதி இல்லை. மூன்றும் தெரிந்தால், 'பிடிஆர்எஃப்எஸ் பைல்சிஸ்டம் ஷோ' கொடுத்து எஸ்எஸ்டியின் டெவ்ஐடியைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 2 என்றால் 'டெவ்ஐடி:2' என்று அந்தப் பைலில் எழுத வேண்டும். 'சூடோ எக்கோ' என்று தொடங்கி அம்புக்குறியால் எழுதப் போனால் அனுமதி இல்லை என்று வரும், ஏனென்றால் அம்புக்குறி உங்கள் சாதாரணக் கணக்கில்தான் நடக்கிறது. 'எக்கோ டெவ்ஐடி:2' போட்டு, குழாய்க்கோட்டால் 'சூடோ டீ' க்கு அனுப்புங்கள். மெஷினை மறுபடி போட்டால் இது போய்விடும். மவுண்ட் ஆன பிறகு ஓடும் ஒரு சிஸ்டம்டி சேவையாக வைத்துவிடுங்கள்.

சோதிக்கும்போது ராம் ஏமாற்றும், ஒருமுறை வாசித்ததை அதுவே எடுத்துக் கொடுக்கும். முதலில் 'சிங்க்', பிறகு '/ப்ரொக்/சிஸ்/விஎம்/ட்ராப்_கேஷஸ்' இல் 3 எழுதி, 'ஐஓஸ்டாட் -எக்ஸ் 1' ஓடவிட்டு வீடியோவைத் திறவுங்கள். ஹார்ட் டிஸ்கின் வாசிப்பு எண் பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டும். எழுதும் வேகம் இதனால் அதிகரிக்காது. இரண்டு பிரதியும் எழுதியாக வேண்டும்.

இரண்டும் எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் ரவுண்ட்-ரொபினைச் சொல்லியிருப்போம். இரண்டும் சுழலும் டிஸ்க் என்றால் பிஐடியிலேயே விடலாம். ஒரே பைலைத் துண்டு துண்டாக மாறி மாறி வாசித்தால், விட்ட துண்டின் மேலாகவும் தட்டு சுற்றித்தான் ஆக வேண்டும். வாசிக்கும் நேரமும் தாண்டும் நேரமும் ஏறக்குறைய ஒன்று.

கேர்னல் இடம் கொடுக்காவிட்டால் எம்டி ரெயிட்1 (பைல்சிஸ்டத்துக்குக் கீழே லினக்ஸே செய்யும் மிரர்) போட்டு ஹார்ட் டிஸ்கை 'ரைட்-மோஸ்ட்லி' (பெரும்பாலும் எழுத மட்டும்) ஆக்கும் பழைய வழி இருக்கிறது. உங்களுக்கு அதைச் சொல்லமாட்டோம். மேலே ஓடும் பிடிஆர்எஃப்எஸுக்கு ஒரே டிஸ்க்தான் தெரியும். வீடியோ பழுதாகிவிட்டது என்று கண்டுபிடிக்கும், திருத்த அதன் கையில் நல்ல பிரதி இருக்காது.

டெவ்ஐடி பொலிசியில் அந்தப் பாதுகாப்பு அப்படியே இருக்கிறது. எஸ்எஸ்டியில் செக்சம் (டேட்டா பழுதாகவில்லை என்று சரிபார்க்கும் எண்) ஒத்துவராவிட்டால் ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுத்துத் திருத்தும். வில்லங்கம் வேறிடத்தில்: ஹார்ட் டிஸ்கை இனி யாரும் வாசிக்கப் போவதில்லை, அதில் பழுது வந்தாலும் வெளியே தெரியாது. ஆகவே மாதம் ஒருமுறை எல்லாப் பிரதிகளையும் வாசித்துச் சரிபார்க்கும் 'பிடிஆர்எஃப்எஸ் ஸ்க்ரப் ஸ்டார்ட்' கட்டாயம். 'சட்டர் +சி' (மாற்றத்தைப் புது இடத்தில் எழுதாமல் பழைய இடத்திலேயே எழுதச் சொல்லும் கட்டளை) போட்ட பைல்களுக்குச் செக்சமே இல்லை. கரண்ட் சடுதியாகப் போய் இரண்டு பிரதியும் வேறுபட்டால் ஸ்க்ரப்பால் எது சரி என்று சொல்ல முடியாது. வீடியோ கோப்புறைக்கு அதைப் போடாதீர்கள்.

கடற்காற்றுப் படும் இடமாகையால் ஸ்க்ரப்போடு 'பிடிஆர்எஃப்எஸ் டிவைஸ் ஸ்டாட்ஸ்' ஐயும் பாருங்கள். எண்கள் ஏறியிருந்து, டிஸ்க் தன் நிலையைப் பதியும் ஸ்மார்ட் அட்டவணையின் 199ஆம் வரியும் (கேபிள் வழி வரும் பிழைகளின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டிருந்தால், டிஸ்கை வாங்க ஓடாமல் முதலில் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள்.