கணினியில் நடன இசை: ப்ளகின் வாங்கும் முன் எழும் கேள்விகள்

எலக்ட்ரானிக் நடன இசையில் இறங்கியவர்கள் அனுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவை எந்த ப்ளகினை, அதாவது இசை மென்பொருளுக்குள் இணைத்து ஓட்டும் சிறு மென்பொருளை, வாங்கலாம் என்பதைப் பற்றியே இருக்கின்றன. கையில் இருப்பதை எப்படிப் பழகுவது என்று கேட்பவர்கள் குறைவு. அதனால் சில பதில்களில் பேச்சை வேண்டுமென்றே அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறேன்.

கேள்வி: முதல் சிந்தாக (ஒலியை உருவாக்கும் மென்பொருள் கருவி) சீரம், வைட்டல், சைலென்த் மூன்றில் எதை எடுப்பது? ட்ரான்ஸ், டெக் ஹவுஸ் என்ற இரண்டு நடன இசை வகைகளும் செய்ய ஆசை.

வைட்டலில் தொடங்குங்கள். அதன் இலவசப் பதிப்பில் ப்ரீசெட்டும் (தயாராக அமைத்து வைத்த ஒலி) வேவ்டேபிளும்தான் (ஒலிக்கு மூலமான அலைவடிவங்களின் தொகுப்பு) குறைவு, ஒலியை உருவாக்கும் எஞ்சின் முழுமையாகவே கிடைக்கிறது. 2014-இல் வந்த சீரத்துக்குப் பாட வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. இரண்டும் வேவ்டேபிள் சிந்த்கள், அமைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அந்தப் பாடங்களில் பெரும்பகுதி வைட்டலிலும் செல்லும். சைலென்த் நல்ல கருவி, ஆனால் வைட்டலைப் பழகும் முன் அதற்குப் பணம் செலவிட வேண்டியதில்லை.

எதை எடுத்தாலும் சில மாதங்களுக்கு அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சிந்தில் ஆஸிலேட்டர் (அலையை உருவாக்குவது), ஃபில்டர் (அதில் சில அதிர்வெண்களை வடிப்பது), என்வலப் (ஒவ்வொரு ஸ்வரத்திலும் ஒலி எழுந்து அடங்கும் விதம்), எல்எஃப்ஓ (ஒலியை மெதுவாகத் திரும்பத் திரும்ப அசைப்பது) நான்கும் கைக்கு வந்துவிட்டால் அடுத்த சிந்த் உங்களுக்குப் புதிதாக இருக்காது, பொத்தான்கள் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

ட்ரான்ஸ் பிடிக்கும் என்கிறீர்கள், அதிலிருந்தே முதல் பயிற்சி. அந்த வகையின் அடையாளமான சூப்பர்சா ஒலி, 1996-இல் வந்த ரோலண்ட் ஜேபி-8000 சிந்திலிருந்து பரவியது. ஏழு சா (ரம்பப் பல் வடிவ) அலைகள், ஒன்றுக்கொன்று சுருதி இம்மி விலகி ஒலிப்பதுதான் அதன் ரகசியம். வெற்று ப்ரீசெட்டைத் திறந்து, சா அலையைத் தேர்ந்தெடுத்து, யூனிசனை (ஒரே அலையின் பிரதிகளின் எண்ணிக்கை) 7 என்று வையுங்கள். டிட்யூனை (அவற்றின் சுருதி விலகலை) மெல்ல ஏற்றிக்கொண்டே கேளுங்கள். எங்கே ஒலி விரிகிறது, எங்கே சுருதி கலைந்து அருவருப்பாகிறது என்பதை உங்கள் காதே பிடித்துவிடும்.

அடுத்தது டெக் ஹவுஸுக்கு வேண்டிய பிளக், அதாவது கம்பியைச் சுண்டியது போன்ற குறுகிய ஒலி. அதே சா அலைக்கு லோபாஸ் ஃபில்டர் (தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் விடுவது) போட்டு, கட்-ஆஃபை (வடிப்பது தொடங்கும் இடம்) நன்றாக இறக்கி, அதை ஓர் என்வலப்பால் இயக்குங்கள். சஸ்டெயின் (விசையை அழுத்தியிருக்கும்வரை நிற்கும் அளவு) பூஜ்யம், டிகே (அந்த அளவுக்கு இறங்கும் நேரம்) 200 முதல் 300 மில்லி விநாடி. டிகேயைக் கூட்டிக் குறைத்தாலே ஒலியின் குணம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். இந்த இரண்டையும் திரையைப் பார்த்துச் சொல்லும் ஆள் இல்லாமல் செய்ய முடிந்தால் அடித்தளம் போட்டாயிற்று.

கேள்வி: ப்ரீசெட்டை அப்படியே பயன்படுத்தினால் அது என் இசை ஆகுமா?

ஆகும், தயங்காமல் பயன்படுத்துங்கள். கேட்பவருக்கு மெட்டும் தாளமும் கட்டமைப்பும்தான் போய்ச் சேருகின்றன.

கற்க விரும்பினால் மட்டும் ஒரு பழக்கம் வேண்டும். பிடித்த ப்ரீசெட்டை எடுத்து அதில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள். முதலில் ரிவெர்ப் (அறையின் முழக்கம்), டிலே (எதிரொலி), அப்புறம் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரடுமுரடாக்குவது), அப்புறம் இரண்டாவது ஆஸிலேட்டர். நம்மை மயக்கிய பிரமாண்டத்தில் பெரும்பங்கு எஃபெக்டிலிருந்தே வந்தது என்பது பல ப்ரீசெட்களில் அப்போதுதான் தெரியவரும்.

கேள்வி: கிக்கும் (அடித்தாள டிரம்) பேஸும் (தாழ்சுருதி இசை) சேர்ந்தாலே குழம்பிவிடுகிறது. சைட்செயின் (கிக் விழும்போது பேஸைத் தாழ்த்துவது) ப்ளகின் ஒன்று வாங்கினால் சரியாகுமா?

இதை விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நடன இசை நிற்பதே இந்த இரண்டின் மேல்தான்.

முதலில் எந்த ப்ளகினையும் தொடாமல் கிக் சாம்பிளின் (பதிவு செய்த ஒலித்துண்டின்) நீளத்தைப் பாருங்கள். 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 பீட்) வேகத்தில் ஒரு பீட்டுக்கும் அடுத்த பீட்டுக்கும் இடையே சுமார் 469 மில்லி விநாடிதான் இருக்கிறது. கிக்கின் வால் 400 மில்லி விநாடி வரை நீண்டால் பேஸுக்கு இடமே கிடைக்காது. வாலை வெட்டிக் குறைத்துப் பாருங்கள். பல நேரம் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது, சுருதி. கிக்கின் வாலுக்கும் ஒரு சுருதி உண்டு, பெரும்பாலும் 45 முதல் 60 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். பேஸின் முதன்மை ஸ்வரம் 43.6 ஹெர்ட்ஸில் உள்ள எஃப் என்று வைத்துக்கொள்வோம். கிக் அதற்கு மிக நெருக்கமாக, ஆனால் பொருந்தாமல் இருந்தால் இரண்டும் மோதி ஒலி அலைபாயும். கிக்கைப் பாட்டின் சுருதிக்கு நகர்த்துங்கள், இல்லையென்றால் பேஸை ஆஃப்-பீட்டில் (இரண்டு பீட்டுக்கு நடுவில்) வையுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகுதான் சைட்செயின். அதற்கும் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஏபில்டன், எஃப்எல் ஸ்டூடியோ, லாஜிக் என்ற இசை மென்பொருள்கள் மூன்றிலுமே உள்ளே இருக்கும் கருவிகளைக் கொண்டு இதைச் செய்யலாம். பேஸின் மேல் கம்ப்ரஸரை (சத்தம் கூடும்போது அளவைக் குறைக்கும் கருவி) போட்டு, அதன் சைட்செயின் உள்ளீடாகக் கிக்கைக் கொடுங்கள். ரிலீஸை (குறைந்த அளவு திரும்பி வரும் நேரம்) 150 முதல் 250 மில்லி விநாடிக்குள் வைத்து ஆரம்பியுங்கள். 600-இல் வைத்தால் பேஸ் முழுதாகத் திரும்பி வரும் முன்பே அடுத்த கிக் விழுந்துவிடும்.

எனக்கு இதைவிடப் பிடித்த வழி, வால்யூமையே ஒரு வளைவாக வரைந்துவிடுவது. கம்ப்ரஸர் கிக்கின் அளவைப் பார்த்து எதிர்வினை செய்யும், வரைந்த வளைவோ ஒவ்வொரு பீட்டிலும் மாறாமல் ஒரே மாதிரி இறங்கி ஏறும். இதற்கென்றே இருக்கும் கட்டண ப்ளகின்கள் செய்வதும் இதையேதான், உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது மட்டுமே அவற்றின் லாபம்.

கடைசியாக, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மோனோவில் (இடம், வலம் இரண்டிலும் ஒரே ஒலியாக) வையுங்கள். பேஸுக்கு யூனிசன் போட்டு அகலப்படுத்தியிருந்தால், அடியில் ஒரு சைன் அலையைத் தனி ட்ராக்காக வைத்து, மேலே உள்ளதன் கீழ்ப்பகுதியை ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாக அளவைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வெட்டிவிடுங்கள்.

கேள்வி: நிறுவிய ப்ளகின் லாஜிக்கில் தெரியவே இல்லை. ஏன்?

லாஜிக்கும் கராஜ்பேண்டும் ஏயூ என்ற ப்ளகின் வகையை மட்டுமே ஏற்கும், நீங்கள் விஎஸ்டி3 என்ற இன்னொரு வகையை மட்டும் நிறுவியிருக்கலாம். இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி ஏயூ பெட்டியை டிக் செய்யுங்கள். ப்ரோ டூல்ஸ் மென்பொருள் என்றால் ஏஏஎக்ஸ் வகை வேண்டும். மிகப் பழைய ப்ளகினாக இருந்தால் அது 32 பிட்டா என்றும் பாருங்கள், 2019-இல் வந்த கேட்டலினா இயங்குதளம் முதல் மேக் அவற்றை ஓட்டுவதில்லை.

கேள்வி: பத்து ட்ராக் போட்டதும் சத்தம் வெடித்து வெடித்து வருகிறது. புதுக் கணினிதான் வழியா?

பொறுங்கள். இரண்டு ஆஸிலேட்டர், ஒவ்வொன்றிலும் யூனிசன் 7, நான்கு ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கார்டு (chord): ஒரே நேரத்தில் 56 அலைகள். சிந்தின் ரிலீஸ் (விசையை விட்ட பின் ஒலி அடங்கும் நேரம்) நீளமாக இருந்தால் முந்தைய கார்டின் அலைகளும் கூடவே ஓடும். வேலை முடிந்த ட்ராக்கை ஃப்ரீஸ் (தற்காலிகமாக ஆடியோவாக்கிப் பூட்டுவது) செய்யுங்கள், அல்லது ஆடியோவாக மாற்றிவிடுங்கள். ரிவெர்பை ட்ராக்குக்கு ஒன்றாகப் போடாமல் ஒரே சென்டில் (பல ட்ராக்குகள் பகிரும் தடம்) வைத்து எல்லா ட்ராக்கையும் அதற்கு அனுப்புங்கள்.

அப்புறம் பஃபர், அதாவது கணினி ஒரு தடவையில் தயாரித்து அனுப்பும் ஒலியின் அளவு. 44.1 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் கணினிக்கு ஒவ்வொரு முறையும் சுமார் 3 மில்லி விநாடிதான் அவகாசம், 1024 என்றால் 23. கீபோர்டில் வாசித்துப் பதியும்போது குறைத்து வையுங்கள், மிக்ஸ் செய்யும்போது கூட்டிவிடுங்கள்.

கேள்வி: மாஸ்டரிங் (முடிந்த பாட்டுக்குக் கடைசி மெருகு) ப்ளகின் போட்டதும் பாட்டு உடனே பிரமாதமாகிவிடுகிறது. வாங்கலாமா?

பிரமாதமானதா, சத்தம் கூடியதா என்று முதலில் பாருங்கள். ஒரு டெசிபல் கூடினாலே காது அதைத் தரம் என்று எடுத்துக்கொள்ளும். ப்ளகினின் அவுட்புட்டைக் குறைத்து, போடும் முன்பிருந்த அளவுக்குக் கொண்டுவந்து, மாற்றி மாற்றிக் கேளுங்கள். அளவைக் காட்ட யூலீன் லவுட்னஸ் மீட்டரின் இலவசப் பதிப்பே போதும். சம அளவிலும் அது நன்றாக இருந்தால், சோதனைப் பதிப்பை நீங்கள் இப்போது செய்துகொண்டிருக்கும் பாட்டிலேயே போட்டுப் பாருங்கள். விளம்பர வீடியோவில் வருவது அவர்கள் தேர்ந்தெடுத்த பாட்டு.

கேள்வி: க்ராக் செய்த ப்ளகின்களில் பழகிவிட்டு, பிறகு வாங்கினால் என்ன?

வேண்டாம். வைரஸோடு வரும் ஆபத்து உண்டு, அப்டேட் கிடைக்காது, உழைத்தவருக்கும் ஒன்றும் போய்ச் சேராது. சிந்துக்கு வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி. எஃப்எம் (ஓர் அலையால் இன்னோர் அலையை அசைத்து ஒலி உருவாக்கும் முறை) ஒலிகளுக்கு டெக்ஸ்ட். ரிவெர்புக்கு வல்ஹல்லா சூப்பர்மாசிவ். ஈக்யூவுக்கு டிடிஆர் நோவா. அலைவரிசையைக் கண்ணால் பார்க்க வாக்ஸெங்கோ ஸ்பான். எல்லாமே முறைப்படி இலவசமாகக் கிடைப்பவை, முழுப் பாட்டு ஒன்றை முடிக்க இவை போதும்.